தந்தையின் வீழ்ச்சியும் மைந்தனின் கனவும்

தமிழ்க் கவிஞர்கள் தம்மைப் பற்றிப் பாடாதவர்கள் அல்லர். வறுமையைச் சொல்லிப் புரவலரை நாடிய பாடல்களும், இறைவன் முன் தம் குறைகளை அடுக்கி நின்ற பாடல்களும் நம் இலக்கியத்தில் மிகுதி. ஆயினும் தான் பிறந்த வீட்டில் நிகழ்ந்த துயரை, தாய் மறைந்ததையும் தந்தை நொடித்துப் போனதையும், தன் வரலாறாகவே நிரல்பட எழுதுவது வேறு வகைப்பட்ட துணிவு. அத்துணிவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்யுளில் காட்டியவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார். அவருடைய தேசியப் பாடல்களையும் ‘பாஞ்சாலி சபதம்’, ‘குயில் பாட்டு’ ஆகியவற்றையும் அறிந்த அளவுக்கு, 1910-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘கனவு’ என்னும் சிறுநூலைத் தமிழுலகம் அறிந்திருக்கிறது என்று சொல்ல இயலாது. இன்று அவர் கவிதைத் தொகுப்புகளில் ‘சுயசரிதை’ என்ற தலைப்பின்கீழ் இடம்பெறும் அந்நூலை, அவர் வாழ்க்கையோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டயபுரத்து வீடு

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டில் அவரைச் சுப்பையா என்று அழைத்தனர். 1887-இல் தாய் காலமானார். மகனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1889-இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார்.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையோடு தொடர்புடையவர். கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் மிக்கவர். கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை அங்கேயே அரைத்துப் பஞ்சாக்க வேண்டும் என்று எண்ணி எட்டயபுரத்தில் ஆலை அமைத்தார். மகனும் தம்மைப் போலவே கணக்கிலும் பொறியிலும் தேறி, ஆங்கிலம் பயின்று, உயர்ந்த நிலையை அடைய வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் மனமோ சொல்லின் பின்னே சென்றது. பதினொரு வயதுக்குள்ளாகவே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்ற அச்சிறுவனுக்கு 1893-இல் எட்டயபுரத்துப் புலவர் அவையில் ‘பாரதி’ என்னும் பட்டம் கிடைத்தது.

1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் ஆங்கிலக் கல்வி. 1897-இல் கடையத்துச் செல்லம்மாளுடன் திருமணம். மணமகனுக்கு வயது பதினான்கு, மணமகளுக்கு ஏழு. இதற்கிடையில் ஆலை முடங்கியது. குடும்பத்தின் செல்வம் கரைந்தது. அதே 1897-ஆம் ஆண்டில், படிப்புக்கு உதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்கு அம்மாணவர் செய்யுளாலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். பின்னாளில் நாட்டின் விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் கையிலிருந்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய படைப்புகளுள் ஒன்று, நொடித்த வீட்டுப் பிள்ளை எழுதிய உதவிக் கடிதம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1898-இல் தந்தையும் காலமானார். பதினைந்து வயதில் தாயும் தந்தையும் அற்றவராய், அத்தையின் ஆதரவை நாடிக் காசிக்குச் சென்றார் பாரதியார்.

எழுதிய காலம்

இத்துயரங்கள் நிகழ்ந்த பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே அவற்றை அவர் எழுதினார். இடைப்பட்ட ஆண்டுகளில் காசியில் பயின்றார். எட்டயபுரம் அரண்மனையில் பணி செய்தார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். பின்னர்ச் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ இதழிலும் ‘இந்தியா’ வார இதழிலும் எழுதினார். 1908-இல் அடக்குமுறை நெருங்கவே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். ‘இந்தியா’ அங்கிருந்து தொடர்ந்து வெளிவந்து 1910-இல் நின்று போயிற்று.

வாரந்தோறும் நாட்டுக்காக எழுதிக்கொண்டிருந்த எழுதுகோலுக்கு அந்த ஆண்டில் இதழ் இல்லை. நிலையான வருவாயும் இல்லை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உடனிருந்தனர். தந்தையின் வறுமையைக் கண்ட மகன், இப்போது தானே வறுமையுற்ற தந்தை. ‘கனவு’ பிறந்தது இச்சூழலில்தான். இருபத்தேழு வயதில் ஒருவர் தன்வரலாறு எழுதுவது அக்காலத்தில் வழக்கமன்று. முதுமையில் இளைப்பாறியவாறு எண்ணிப் பார்த்து எழுதிய நூலன்று இது. காயம் ஆறாத நிலையில் எழுதிய நூல்.

நூலின் அமைப்பு

‘கனவு’ 49 விருத்தங்களால் ஆனது. பட்டினத்தாரின் அடி ஒன்றை முகப்பில் கொண்டு தொடங்குகிறது. முன்னுரை, பிள்ளைக் காதல், ஆங்கிலப் பயிற்சி, மணம், தந்தை வறுமை எய்திடல், பொருட்பெருமை, முடிவுரை என்னும் பகுதிகள் அதில் உள்ளன. பிறந்த ஊர், குலப்பெருமை, பெற்ற பட்டம் ஆகியவற்றை விரிப்பது அதன் நோக்கமன்று. ‘பாரதி’ பட்டம் பெற்ற நாளை ஒரு வெற்றிக் காட்சியாக எழுதியிருக்கலாம். கவிஞர் அதை நாடவில்லை. தன்னை உருவாக்கியவை எவை என்று கேட்டு, தான் இழந்தவற்றையே விடையாகத் தருகிறார்.

முதல் இழப்பு விளையாட்டு. ஒத்த வயதுச் சிறுவர்கள் ஆற்றிலும் குட்டையிலும் நீந்தியும், மரங்களில் ஏறி இறங்கியும் களித்திருக்க, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெருவிளையாட்டு எதிலும் சேராமல், நூல்களே துணையாகத் தனித்து வருந்திய சிறுவனைக் காண்கிறோம். அத்தனிமையில் ஒளியாக வருகிறாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் நீரெடுக்க வரும் வழியைப் பார்த்துக் காத்திருந்ததும், திருவாதிரை நாளில் சிவன் கோயில் மண்டபத்தில் அவள் தன் நெற்றியில் பொட்டிட்டதும் அந்நூலின் மகிழ்ச்சியான பக்கங்கள்.

இரண்டாவது இழப்பு தாய். கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. தாயின் மறைவுக்கு ‘கனவில்’ தனிப்பகுதி இல்லை. ஒரு முழுப் பாடல்கூட இல்லை. மூன்று வேளையும் செந்தமிழ்ச் செய்யுளால் சிவபூசை செய்பவர் தாயைப் பெற்ற பாட்டனார். அவர் பூசை முடித்த பின் அந்த மலர்களை எடுத்துச் சென்று சிறுவன் அச்சிறுமியிடம் தருகிறான். அப்பாட்டனார் இன்னாரென்று அறிமுகம் செய்யும் இடத்தில்தான், தன் ஐந்தாம் வயதில் தன்னை ஏங்கவிட்டு மறைந்த தாய் என்னும் செய்தி வருகிறது. இலக்கண நோக்கில் அது பாட்டனாரைச் சுட்ட வந்த அடைமொழி. பொருள் நோக்கில் நூல் முழுவதையும் தாங்கும் சொல். தாயை இழந்த பிள்ளை, தாய் வீட்டுப் பூசை மலரைக் கொண்டு சென்று வேறொரு பெண்ணின் புன்னகையைத் தேடுகிறது. இந்தத் தொடர்பைக் கவிஞர் விளக்கவில்லை. அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மிகப் பெரிய துயருக்கு மிகச் சிறிய இடம் கொடுத்ததனால் அத்துயர் சிறுத்துவிடவில்லை என்பதை அப்பாடல் உணர்த்துகிறது.

மூன்றாவது, ஆங்கிலப் பயிற்சி. தந்தைக்கு ஓர் ஆயிரம் செலவாயிற்று. தனக்கு நேர்ந்த தீமையோ அதனினும் பன்மடங்கு என்று கணக்கெழுதுகிறார் மகன். கணிதத்தில் மகனைத் தேற்ற விரும்பிய தந்தைக்கு, வரவு செலவுக் கணக்காகவே விடை கிடைக்கிறது. நான்காவது, திருமணம். நெஞ்சில் ஒருத்தியை வைத்திருந்த சிறுவனுக்குத் தந்தை வேறொருத்தியை மணம் முடித்து வைக்கிறார். மறுத்துச் சொல்ல வலிமையில்லாத அப்பிள்ளை, அச்சடங்கையும் விளையாட்டுகளில் ஒன்றாக எண்ணிக்கொள்கிறான்.

தந்தையை எழுதிய முறை

இதுவரை வந்த பகுதிகளில் விளையாட்டைத் தடுத்தவரும், அயல்மொழிப் பள்ளிக்கு அனுப்பியவரும், மணம் முடித்தவரும் தந்தையே. இந்த இடத்தில் நூல் நின்றிருந்தால் அது மகன் தொடுத்த வழக்காகவே முடிந்திருக்கும். ‘தந்தை வறுமை எய்திடல்’ என்னும் பகுதி அவ்வழக்கின் போக்கை மாற்றிவிடுகிறது.

தந்தையின் ஓங்கிய செல்வம் முழுவதும் ஐரோப்பியரின் சூழ்ச்சியால் அழிந்தது என்கிறார் பாரதியார். அருகிருந்து புகழ்ந்த பழைய நண்பர்கள் கைவிட்டு அகன்றதைச் சொல்கிறார். அதே மூச்சில், அந்தணர் குலம் தன் நெறியிலிருந்து வழுவிய காலத்தில், வியர்வை சிந்திப் பொருள் தேடுவது ஒன்றையே மேலான தொழிலாகத் தந்தை கொண்டதையும் மறைக்காமல் சொல்கிறார். வெளிப்பகையும் உண்டு, உள்தவறும் உண்டு. தந்தையைக் குற்றவாளியாக்கிக் கூண்டில் நிறுத்தவுமில்லை. குற்றமே இல்லாதவராக்கிக் கோயிலில் வைக்கவுமில்லை. ஆணையிடும் குரலாக மட்டும் அதுவரை கேட்ட தந்தை, இப்பகுதியில்தான் துன்புறும் மனிதராக முகம் பெறுகிறார்.

அதன்பின் தந்தை மறைகிறார், வறுமை சூழ்கிறது, அஞ்சாதே என்று சொல்ல உலகில் ஒருவரும் இல்லாத நிலை. வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. காசி வாழ்வையோ, இதழியல் வெற்றியையோ, புதுச்சேரி வாசத்தையோ கவிஞர் தொடவில்லை. துன்பத்தைச் சொல்லி அதன் பரிசாக வெற்றியைக் காட்டும் வழக்கமான முடிவை அவர் நாடவில்லை. தெளிந்த அறிவும் தளராத உள்ளமும் அன்பும் வேண்டும் என்ற வேண்டுதலோடு நூல் நிறைகிறது.

நூலுக்குக் கனவு என்று பெயரிட்டது பொய்யென்று தள்ளுவதற்காக அன்று. கண்டவனை விட்டு நீங்காத கனவுகளும் உள்ளன. பழங்கதை என்று அறிவு ஒதுக்கியதை நெஞ்சு இன்னும் கண்டுகொண்டிருக்கிறது என்பதையே அப்பெயர் குறிக்கிறது எனலாம்.

குடும்பத் துயரைக் கூறும் இந்நூல் அரசின் கண்ணுக்கும் தப்பவில்லை. ஆங்கிலக் கல்வியைப் பழித்தும் அயலார் சூழ்ச்சியைச் சுட்டியும் எழுதப்பட்ட ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் கதைநூலோடு சேர்த்து 1911-இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டது. ஒரு வீட்டின் கண்ணீருக்கு நாட்டின் அரசியலில் காரணம் இருக்கிறது என்று சொன்னதும், அக்கண்ணீர் தனிச்சொத்தாக இல்லாமல் போயிற்று.

எழுதாமல் விடப்பட்டவை

எனினும் ‘கனவு’ முழு உண்மை அன்று. காயம்பட்ட பிள்ளையின் உண்மை அது. எள்ளளவும் நன்மை இல்லை என்று அவர் பழித்த ஆங்கிலத்தின் வழியேதான் ஷெல்லி அவருக்கு வாய்த்தார்; ‘ஷெல்லிதாசன்’ என்ற புனைபெயரையும் அவர் விரும்பிச் சூட்டிக்கொண்டார்.

செல்லம்மாளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் திருமணத்தையே கணவர் ஒரு துயராக எழுதி அச்சிட்ட வேளையில், அவ்வில்லத்தில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தவர் அவர். ஏழு வயதில் மணமேடை ஏறிய அச்சிறுமியின் மனநிலைக்கு ‘கனவில்’ இடமில்லை. தன்வரலாறு எழுதுவோர் தம் துயரை மட்டும் எழுதுவதில்லை. உடன் வாழ்வோரின் வாழ்க்கையையும் அவர்களைக் கேளாமலே எழுதிவிடுகின்றனர். செல்லம்மாள் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய பாரதியார் சரித்திரம் 1941-இல் வெளிவந்தது. கணவரின் வரலாற்றில் ஓரத்தில் நின்றவர், கணவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் வரலாற்றைத் தாமே சொன்னார். ‘கனவை’ப் படிப்போர் அந்நூலையும் உடன்வைத்துப் படிப்பதே நீதி.

பாரதியாரும் இளமையைப் பற்றிய தம் சொல்லை ‘கனவோடு’ முடித்துக்கொள்ளவில்லை. ‘சின்னச் சங்கரன் கதை’ என்னும் உரைநடையில் ஒரு ஜமீனின் போலி வாழ்வையும் அங்கு வளரும் கவிச்சிறுவனையும் நகையாடி எழுதினார். விருத்தத்தில் அழுததை உரைநடையில் சிரித்துக் காட்டிய அக்கதை முற்றுப்பெறாமலே நமக்குக் கிடைக்கிறது. 1917-இல் அச்சான ‘கண்ணன் பாட்டில்’ கண்ணன் தாயாகவும் வருகிறான், தந்தையாகவும் வருகிறான். அந்தத் தாய் மடியில் இருத்திக் கதை சொல்கிறாள், விளையாடப் பொம்மைகள் தருகிறாள். அந்தத் தந்தையின் செல்வத்துக்கோ அளவே இல்லை. ‘கனவில்’ ஓர் அடைமொழிக்குள் அடங்கிய தாயும், விளையாட்டுக்கு ஏங்கிய சிறுவனும், நொடித்துப் போன தந்தையும் அங்கே வேறு உருவில் மீண்டு வருவதாகப் படிக்க இடமுண்டு.

வாழ்க்கையில் அத்தகைய மீட்சி எளிதாக வாய்க்கவில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் விடுதலையாகி, மனைவியின் ஊராகிய கடையத்தில் தங்கினார். 1919-இல் எட்டயபுரம் மன்னருக்கு மீண்டும் செய்யுளில் ஓலை எழுதினார். 1897-இல் உதவி வேண்டியவர் நொடித்த வீட்டுச் சிறுவர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவரோ தம் கவிதையின் பெருமையை நிமிர்ந்து நின்று சொல்லத் தெரிந்த கவியரசர். வறுமை மாறவில்லை, குரல் மாறியிருந்தது. 1920-இல் மீண்டும் ‘சுதேசமித்திரனில்’ சேர்ந்தார். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில், சென்னைத் திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

பாலாற்றங்கரையில் இதைப் படித்தல்

எட்டயபுரத்து ஆலையின் கதை பாலாற்றங்கரை வாசகர்க்கு அயலூர்ச் செய்தி அன்று. இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இத்தோல் நாட்டில், ஆலையால் உயர்ந்த வீடுகளும் ஆலையால் சாய்ந்த வீடுகளும் தெருவுக்குத் தெரு உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு, இப்பகுதித் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி செய்யாத ஆலைகள் இயங்கக் கூடாதென்றது. வழக்கேடுகளில் அது சுற்றுச்சூழல் வரலாறு. வீடுகளில் அது வேறு வரலாறு. முதலீடு முடங்கிய முதலாளி, வேலை இழந்த தொழிலாளி, கிணற்று நீர் கெட்டுத் தென்னையையும் வயலையும் இழந்த உழவர் ஆகிய மூவர் வீட்டிலும் அன்று பிள்ளைகள் இருந்தனர். பெரியவர்கள் பேசாமல் அமர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அப்பிள்ளைகளுள் சிலர் இன்று கவிஞர்கள். குடும்பத் துயரை எழுதினால் தந்தைக்கு இழுக்கு என்று அஞ்சி, வானத்தையும் நிலவையும் பாடி அமைவோர் உண்டு. எழுதத் துணிந்தால் பழி தீர்க்கும் வேகத்தில் எழுதி ஓய்வோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் ‘கனவு’ வழி காட்டுகிறது. வீட்டுத் துயரின் வேரை வீட்டுக்குள் மட்டும் தேடலாகாது. வீட்டுக்கு வெளியே மட்டும் தேடுவதும் ஆகாது. தமக்குத் தீங்கிழைத்தவர் தாமும் தீங்குற்றவர் என்பதைக் காணும் வரை காத்திருக்க வேண்டும். பாரதியாருக்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தம் பக்கத்தில் ஓரமாக நிற்பவருக்கும் சொல்ல ஒரு கதை உண்டு என்பதை மறத்தலாகாது. இதை ‘கனவின்’ குறையிலிருந்தே கற்கிறோம்.

எட்டயபுரத்தில் ஓர் ஆலை நின்றது. அது எத்தனை மூட்டைப் பருத்தியை அரைத்தது என்பதை இன்று எவரும் தேடுவதில்லை. அந்த ஆலைக்காரரின் மகன் எழுதிய நாற்பத்தொன்பது பாடல்களில் அந்த மனிதரின் வியர்வை இன்னும் உலரவில்லை.